இழுவை எடையை எழுதித் தருகிறீர்கள், கூலரை ஏன் தருவதில்லை?

அமெரிக்காவில் எஸ்யூவி, மினிவேன், பிக்கப் விற்கும் வாகனத் தயாரிப்பாளர்களுக்கும் அவர்களுடைய டீலர் சர்வீஸ் மேலாளர்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் பேசுவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் (டிரான்ஸ்மிஷன்) ஆயிலைக் குளிர்விக்கும் கூலரைப் பற்றி. இந்தக் கோடையிலும் உங்கள் சர்வீஸ் கவுண்டரில் அதே பதில்தான். கியர் வழுக்குகிறது என்று வண்டியைக் கொண்டுவந்தவரிடம், "வெளியில் வாங்கிய கூலர் மாட்டியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று சொல்லி அனுப்புகிறார்கள். கூலர் மாட்டாமல் வந்தவருக்கு வேறு பதில்: "டிரெய்லர் இழுத்து ஆயில் கருகியிருக்கிறது, நாங்கள் பொறுப்பில்லை." இரண்டு பேரும், வண்டி எவ்வளவு இழுக்கும் என்று நீங்கள் அச்சடித்துக் கொடுத்த இழுவை எடையை நம்பி வாங்கியவர்கள், அந்த எடைக்கு உள்ளேயே இழுத்தவர்கள். மாட்டினாலும் குற்றம், மாட்டாவிட்டாலும் குற்றம் என்றால் அவர்கள் வேறு என்னதான் செய்வது?

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. எந்த வண்டிக்கு இழுவை எடை என்று ஓர் எண்ணை எழுதுகிறீர்களோ, அந்த வண்டியில் அந்த எடைக்குப் போதுமான தனி டிரான்ஸ்மிஷன் கூலரையும் சேர்த்தே தாருங்கள்.

சூடு எங்கிருந்து வருகிறது என்று உங்களுக்கு நாங்கள் பாடம் நடத்த வேண்டியதில்லை. சமதளத்தில், எஞ்சினையும் கியர்பாக்ஸையும் நேராகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் பிடித்திருக்கும்வரை கவலையில்லை. நீண்ட ஏற்றத்தில் பாரத்தோடு வேகம் இறங்கி லாக்-அப் விட்டதும், எஞ்சின் சக்தியில் ஒரு பங்கு சக்கரத்துக்குப் போய்ச் சேராமல், எஞ்சின் சுழற்சியை ஆயில் வழியாகக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டருக்குள் ஆயிலைக் கடைந்தே சூடாகிப்போகிறது. 175 முதல் 200 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 80 முதல் 93 டிகிரி செல்சியஸ் வரை ஆயில் நன்றாக உழைக்கும். 175-க்கு மேல் ஒவ்வொரு 20 டிகிரிக்கும் ஆயிலின் ஆயுள் பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 240-ஐத் தொட்டால், ஆயிலைப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியில் வார்னிஷ் போன்ற கறை படியத் தொடங்கும். 260-இல் சீல்கள் இறுகும். 295 வந்தால் கிளட்ச் தட்டுகள் வழுக்கும். அதற்குப் பிறகு கூலர் மாட்டிப் பயனில்லை, கியர்பாக்ஸைத்தான் இறக்க வேண்டும்.

ரேடியேட்டர் தொட்டிக்குள் ஏற்கெனவே ஒரு கூலர் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் சுற்றி ஓடும், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எவ்வளவு சூடோ, அதற்குக் கீழே அது ஆயிலை இறக்காது. ஏசியும் ஓடி எஞ்சினும் திணறும் ஏற்றத்தில் அந்தக் கூலன்டே கொதிநிலையை நெருங்கிக்கொண்டிருக்கும். இன்னொரு ஆபத்தும் உண்டு. 2005 முதல் 2010 வரையிலான நிசான் பாத்ஃபைண்டர், எக்ஸ்டெர்ரா, ஃப்ரன்டியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள் இருந்த கூலர் விரிசல் விட்டு கூலன்ட் கியர்பாக்ஸில் கலந்ததும், ரேடியேட்டருக்கான வாரண்டியை 8 ஆண்டு அல்லது 80,000 மைல் என்று நிறுவனமே நீட்டிக் கொடுத்ததும் உங்கள் துறையில் தெரியாதவர் இல்லை. கூலன்டில் உள்ள கிளைகாலும் தண்ணீரும் சேர்ந்து கிளட்ச் தட்டின் லைனிங்கைப் பிடித்திருக்கும் பசையைக் கரைத்துவிடும். ஆயிலை மாற்றினாலும் உரிந்த லைனிங் திரும்ப ஒட்டாது.

ஆகவே வாங்கியவரே கடைக்குப் போய் ஒரு கூலர் வாங்குகிறார். அடுக்குத் தகடு வகை, வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்குத் தக்க அளவு. பொருளின் விலை உங்கள் ஷோரூமில் தொங்கும் அலங்காரச் சக்கரம் ஒன்றின் விலைகூட இருக்காது. சிக்கல் எல்லாம் மாட்டுவதில்தான். அதை உங்களால் ஒரே பக்கத்தில் எழுதித் தர முடியும், தரவில்லை.

கியர்பாக்ஸிலிருந்து இரண்டு குழாய்கள் ரேடியேட்டருக்குப் போகின்றன. ஒன்றில் சூடான ஆயில் போகிறது, மற்றதில் திரும்புகிறது. தனிக் கூலர் திரும்பும் குழாயில்தான் வர வேண்டும்: முதலில் ரேடியேட்டர், பிறகு கூலர், பிறகு கியர்பாக்ஸ். எது திரும்பும் குழாய் என்று உங்கள் கையேட்டில் ஒரு வரி இல்லை. ஆகவே அடியில் பாத்திரம் வைத்து, ஒரு குழாயைக் கழற்றி, எஞ்சினைச் சில நொடி மட்டும் ஓட்டி, எந்தப் பக்கத்திலிருந்து ஆயில் பீய்ச்சுகிறது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் கூடுதலாக ஓட்டிவிட்டால் பம்ப் வறண்டு போகும்.

பிறகு ஹோஸ். டிரான்ஸ்மிஷன் ஆயிலுக்கென்றே வரும், எஸ்ஏஈ (வாகனப் பொறியாளர் சங்கம்) ஜே1532 தரம் என்று அச்சிட்ட ஹோஸ்தான் வேண்டும். பெட்ரோல் ஹோஸ் அந்தச் சூட்டில் இறுகி வெடிக்கும். பல வண்டிகளில் உள்விட்டம் 3/8 அங்குலம், சிலவற்றில் 5/16. முனையில் ஓர் அங்குலமாவது ஏற வேண்டும். ஸ்டீல் குழாயை வெட்டினால் வெட்டுவாயில் மேடு எடுக்காமல் ஹோஸை ஏற்றக்கூடாது, அழுத்தம் வந்ததும் உருவிக்கொண்டு போய்விடும். துளையிட்ட பட்டைக் கிளாம்ப் ரப்பரைக் கடித்துவிடும், ஓரம் வழவழப்பான இன்ஜெக்‌ஷன் கிளாம்ப் போட வேண்டும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் தேவை. சைலன்சர் குழாய்க்கும் ஃபேன் பெல்ட்டுக்கும் எட்டாத வழியாகக் கொண்டுபோக வேண்டும்.

கூலரை நிறுத்தும் இடம் ஏசியின் கண்டென்சருக்கு முன்னால், இடையில் கால் முதல் அரை அங்குல இடைவெளி விட்டு. நாங்கள் அடிக்கடி பார்க்கும் தவறு இங்கேதான்: பெட்டியில் வரும் பிளாஸ்டிக் கம்பியைக் கண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்குள் குத்தி இழுத்து மாட்டிவிடுகிறார்கள். வண்டி ஆடும்போதெல்லாம் கம்பி உராய்ந்து, சில மாதத்தில் கண்டென்சர் குழாய் துளைபட்டு ஏசி வாயு வெளியேறிவிடும். உறுதியான பட்டைகளை ரேடியேட்டர் சட்டத்தில் போல்ட் அடித்து அதில்தான் கூலரை நிறுத்த வேண்டும். ஹோஸ் வாய்கள் மேலே அல்லது பக்கவாட்டில் இருக்கட்டும். கீழ்நோக்கி இருந்தால் உள்ளே காற்று தங்கிவிடும். மின்னெசோட்டா போன்ற குளிர்ப் பகுதியில் ஓடும் வண்டிக்கு, ஆயில் சூடாகும்வரை அதைக் கூலருக்குள் விடாத தெர்மோஸ்டாட் வால்வும் சேர்த்தே மாட்ட வேண்டும், சூடே ஏறாத ஆயிலும் கெடுதல்தான்.

இவ்வளவையும் கவனமாகச் செய்து முடித்தவரை நீங்கள் தடுத்து நிறுத்தும் இடம் ஒன்று உண்டு. அதை விரிவாகவே சொல்கிறோம். கூலரும் ஹோஸும் சேர்ந்து அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை ஆயில் கூடுதலாகக் கேட்கும். ஊற்றிவிட்டு அளவு பார்க்க வேண்டும். எதை வைத்துப் பார்ப்பது? ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கைப் பல வண்டிகளில் நீங்கள் எடுத்துவிட்டீர்கள். வண்டியை நான்கு பக்கமும் மட்டமாகத் தூக்கி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடியில் படுத்து, சுடும் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் கை விட்டு, அளவு பார்க்கும் பிளக்கைத் திறக்க வேண்டும். அந்த நேரத்தில் ஆயிலின் சூடு நீங்கள் வகுத்த எல்லைக்குள் இருந்தாக வேண்டும். இசட்எஃப் நிறுவனத்தின் ஆறு-வேகக் கியர்பாக்ஸ்களுக்கு அது 30 முதல் 50 டிகிரி செல்சியஸ். அதைவிடச் சூடாக இருந்தால் விரிந்த ஆயில் வழிந்துபோய், ஆறிய பிறகு அளவு குறைந்து நிற்கும், ஏற்றத்தில் பம்ப் காற்றை உறிஞ்சும். குளிர்ந்திருக்கும்போது பார்த்தால் அளவு மிஞ்சி, சுழலும் பாகங்கள் ஆயிலை நுரையாக அடிக்கும். சரி, ஆயில் எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்ள வழி? பல வண்டிகளில் டேஷ்போர்டில் காட்ட மாட்டீர்கள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்கேனரும் பெரும்பாலும் காட்டாது, ஏனென்றால் அந்த எண்ணை உங்கள் நிறுவனத்துக்கே உரிய குறியீட்டில் வைத்திருக்கிறீர்கள். சென்சார் உள்ளே இருக்கிறது. கம்ப்யூட்டர் ஒவ்வொரு நொடியும் அதைப் படிக்கிறது. வண்டிக்குப் பணம் கட்டியவருக்கு மட்டும் தெரியக்கூடாதா? அவருக்கு நீங்கள் காட்டுவது ஒரே ஒரு எச்சரிக்கை விளக்கு. அது எரியும்போது ஆயில் பெரும்பாலும் கெட்டிருக்கும்.

இதோடு "ஆயுள் முழுக்க ஆயில் மாற்ற வேண்டாம்" என்ற பேச்சு வேறு. யாருடைய ஆயுள்? அதே கையேட்டின் பின்பக்கத்தில், டிரெய்லர் இழுத்தால் இத்தனை மைலுக்கு ஒருமுறை மாற்றவும் என்று சிறிய எழுத்தில் நீங்களே போட்டிருக்கும் வண்டிகளும் உண்டு. விற்பனையாளர் வாயில் முதல் வரிதான் வருகிறது. இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் ஊரில் கையால் கியர் போட்டே ஓட்டிப் பழகியவர்கள் ஏராளம். டிரெய்லர் என்பதே அவர்களுக்கு இங்கே வந்த பிறகு அறிமுகமானது. டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் இருந்தால் இழுக்கலாம் என்று விற்பனையாளர் சொன்னால் நம்பிவிடுகிறார்கள். கூலர் இல்லாத வண்டிக்கு ஹிட்சை மட்டும் துணைப்பொருளாக விற்று அனுப்புவது எந்த வகையிலும் நேர்மை ஆகாது.

வாரண்டிக்கு வருகிறோம். 1975-ஆம் ஆண்டின் மேக்னசன்-மாஸ் சட்டம் உங்கள் சட்டப் பிரிவுக்குத் தெரியும். வேறு நிறுவனப் பாகம் மாட்டியிருக்கிறது என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது, அந்தப் பாகத்தால்தான் கோளாறு வந்தது என்று காட்ட வேண்டும். ஹோஸ் கழன்று ஆயில் கொட்டிப் போயிருந்தால் மறுங்கள், நாங்களும் ஒத்துக்கொள்வோம். கியர்பாக்ஸுக்குள் ஆயில் ஓட்டத்தைத் திறந்து மூடும் சொலினாய்டு பழுதானதற்கு முன்னால் நிற்கும் கூலரைக் கைகாட்டுவதை நிறுத்துங்கள்.

இழுவை எடையைக் கணக்கிடும் எஸ்ஏஈ ஜே2807 சோதனைக்காக அரிசோனாவின் டேவிஸ் டேம் ஏற்றத்தில், குறைந்தது 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழு வேகத்தில் வைத்து 11.4 மைல் ஏறிக் காட்ட வேண்டும் என்ற நெறியை உங்கள் துறையே வகுத்தது. அந்த நெறிப்படிதான் எடையைக் குறித்தோம் என்று பெருமையாகச் சொல்கிறீர்கள். நல்லது. எடை குறித்த வண்டியில் எந்தக் கூலர் இருந்ததோ, அதுவே ஷோரூமில் நிற்கும் வண்டியிலும் இருக்கட்டும். இல்லாத வண்டிக்கு அந்த எண்ணை எழுதாதீர்கள்.

கோபத்தில் சில சொற்கள் கடுமையாக விழுந்திருக்கலாம். வேண்டுகோள் பணிவானதுதான். இழுவை எடை எழுதும் ஒவ்வொரு வண்டியிலும் தனிக் கூலரைத் தொழிற்சாலையிலேயே பொருத்தித் தாருங்கள். அடுத்த மாடல் வரும்வரை, ஏற்கெனவே விற்ற வண்டிகளுக்காவது திரும்பும் குழாய் எது, ஹோஸ் அளவு என்ன, எந்த ஆயில் எவ்வளவு, எத்தனை டிகிரியில் அளவு பார்ப்பது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வெளியிடுங்கள். ஆயில் சூட்டை டேஷ்போர்டில் எண்ணாகக் காட்டும் சாஃப்ட்வேர் மாற்றத்தை அடுத்த சர்வீஸுக்கு வரும்போது இலவசமாகப் போட்டுக் கொடுங்கள்.

பதிலை எதிர்பார்க்கும்,
டிரெய்லர் இழுக்கும் வண்டிகளில் வேலை பார்ப்பவர்கள்