மூன்றாவது கையெழுத்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் அங்கே தவணைக் கடனில் வீட்டுச் சாமான் வாங்கிச் சிக்கிக்கொள்வதைப் பற்றிச் சென்ற இதழில் நான்கு பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். வட்டி, வட்டி, மறுபடியும் வட்டி. விற்கிறவரும் வாங்குகிறவரும் மட்டுமே அதில் வருகிறார்கள். அந்தத் தாளில் மூன்றாவதாக ஜாமீன்தாரர் ஒருவர் கையெழுத்துப் போடுகிறாரே, அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் தேவகோட்டைக்காரன். 1990களில் மலேசியாவில் கிள்ளானில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதினேன். முதலில் தனியாளாக ஓர் அறையில் இருந்தேன். பிறகு மனைவியும் கைக்குழந்தையும் வந்தார்கள். தேவகோட்டை வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் அவளுடைய கல்யாணச் சாமான் அத்தனையும் பூட்டிக் கிடந்தது. பித்தளை, எவர்சில்வர், மங்குத் தட்டுகள், எண்ணிக்கையில்லாத தூக்குச் சட்டிகள். கிள்ளானில் குழந்தையின் பாலை வைக்க ஒரு பிரிட்ஜ் இல்லை. அந்த ஊர்ப் புழுக்கத்தில் மாலையில் ஆட்டிய மாவு விடிவதற்குள் பாத்திரத்தை விட்டு வெளியே வந்து நிற்கும். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மூன்றாவது மாதம், ‘நீங்கள் ஊருக்குப் பணம் அனுப்புவதை ஒரு வருஷம் நிறுத்தினாலும் சரி, எனக்குப் பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வேண்டும்’ என்று சொல்லிவிட்டாள்.

1997 ஜனவரியில் கடைக்குப் போனோம். இரண்டுக்கும் சேர்த்து ரொக்க விலை 2,300 வெள்ளி (அங்கே நம்மவர்கள் ரிங்கிட்டை வெள்ளி என்றுதான் சொல்வார்கள்). முன்பணம் 300. பாக்கி 2,000க்கு ஆண்டுக்குப் பத்து சதவீதம், இரண்டு வருஷம். வட்டி 400. ஆக மாதம் 100 வெள்ளி வீதம் 24 மாதம். பாஸ்போர்ட் நகல், வேலை பார்ப்பதற்கான பெர்மிட்டின் நகல், சம்பளச் சீட்டு, முதலாளியின் கடிதம் எல்லாம் கேட்டார்கள். கடைசியாக ஒரு மலேசியக் குடிமகனின் கையெழுத்தும் வேண்டும் என்றார்கள். படிவத்தில் அந்த இடத்துக்கு மேலே ‘பெஞ்சாமின்’ என்று மலாயில் அச்சிட்டிருந்தது. சட்டென்று புரிந்தது. நம்முடைய ஜாமீன்தான், மலாய்ச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

எனக்காகக் கையெழுத்துப் போட்டவர் எங்கள் கடையில் லாரிகளுக்குச் சரக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அண்ணன். அங்கேயே பிறந்தவர். அவருடைய தாத்தா ரப்பர்த் தோட்டத்தில் பாலெடுக்க மரம் சீவியவர். தேநீர் குடித்துக்கொண்டே போட்டார், படித்துப் பார்க்கவில்லை. ‘தம்பி ஓடியா போய்விடப்போகிறார்’ என்று கடைக்காரரிடம் சிரித்தார். என் பெர்மிட்டை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தவணையோ இரண்டு ஆண்டு. இந்தப் பொருத்தமின்மையைக் கடைக்காரர் கவனிக்கவில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற நானும் கவனிக்கவில்லை.

உங்கள் கட்டுரையாளரின் வட்டிக் கணக்கை இந்த இடத்தில் முடித்துவிடுகிறேன். பத்து சதவீதம் என்பது முழு 2,000க்கும் இரண்டு வருஷமும் போடுகிற வட்டி. நாமோ மாதாமாதம் அசலைக் குறைத்துக்கொண்டே வருகிறோம். குறைகிற பாக்கியின் மேல் கணக்கிட்டால் அது ஆண்டுக்குப் பதினெட்டு சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும். இதைக் கட்டுரை சரியாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் நடுவில் கடனை அடைக்கப் போனால் கொள்ளையடிக்கிறார்கள் என்று எழுதியிருப்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏனென்றால் நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு கடையில் சண்டை போட்டேன்.

பன்னிரண்டு தவணை கட்டிய பிறகு அடைக்கப் போனேன். பாதிக் காலம் முடிந்ததால் வட்டியிலும் பாதி தள்ளுபடி, ஆயிரம் வெள்ளி கொடுத்தால் தீர்ந்தது என்பது என் எண்ணம். 1,096 என்றார்கள். அவர்கள் போட்டது 78 விதி எனப்படும் கணக்கு. இருபத்துநான்கு மாதத்துக்கும் 24, 23, 22 என்று இறங்குவரிசையில் எண் கொடுத்துக் கூட்டினால் 300. மிச்சமுள்ள பன்னிரண்டு மாதங்களின் எண்களை, 12 முதல் 1 வரை, கூட்டினால் 78. ஆகவே 400 வெள்ளி வட்டியில் முந்நூற்றில் 78 பங்கு, அதாவது 104 வெள்ளிதான் தள்ளுபடி. கத்திவிட்டு வீட்டுக்கு வந்து இரவு முழுவதும் குறையும் பாக்கி முறையில் போட்டுப் பார்த்தேன். ஏறக்குறைய 1,090 வந்தது. நான் சண்டை போட்டது ஆறு வெள்ளிக்காக! மறுநாள் அந்தக் கடை வாசலை மிதிக்கவே கூச்சமாக இருந்தது.

ஏன் நடுவில் அடைக்கப் போனேன் என்று சொல்லவில்லையே. 1997 நடுவில் தாய்லாந்தில் தொடங்கிய நாணய நெருக்கடி மலேசியாவையும் பிடித்தது. ஒரு டாலருக்கு இரண்டரை வெள்ளியாக இருந்தது 1998 ஜனவரியில் நாலரையைத் தாண்டிவிட்டது. எங்கள் கடையில் ஆட்குறைப்பு. என் பெர்மிட்டைப் புதுப்பிக்கப்போவதில்லை என்று முதலாளி வருத்தத்தோடுதான் சொன்னார். ஒரு மாதத்துக்குள் கிளம்ப வேண்டும், தவணையில் பாதி பாக்கி.

அதே கடையில் நம் பக்கத்துக்காரர் இன்னொருவர் வேலை பார்த்தார். அவருக்கும் அதே அண்ணன்தான் ஜாமீன். அவர் தவணைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியைப் பாதி விலைக்கு யாருக்கோ விற்றுவிட்டு, ஒரு வெள்ளிக்கிழமை விமானம் ஏறிவிட்டார். தவணைக் கொள்முதலை மலாய்க்காரர்கள் ‘சேவா பெலி’ என்பார்கள். சேவா என்றால் வாடகை, பெலி என்றால் வாங்குதல். கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கடைக்காரருடையது, வைத்திருப்பவர் வெறும் குடக்கூலிக்காரர். அதை விற்பது அடுத்தவர் வீட்டை விற்பதற்குச் சமம். அந்த மனிதர் தேவகோட்டைக்கும் காரைக்குடிக்கும் நடுவில் எங்கோ நிம்மதியாகத் தூங்கினார். அண்ணன் மாதம் 85 வெள்ளி வீதம் ஒன்பது மாதம் கட்டினார். அவருடைய சம்பளமும் அப்போது குறைந்திருந்தது, மகளுக்கு அந்த வருஷம் பள்ளியில் இறுதித் தேர்வு. இத்தனைக்கும் ஒரு நாள்கூட அந்தப் பெட்டியில் அவர் படம் பார்த்ததில்லை.

இதைச் சட்டம் தடுக்காதா என்று கேட்கலாம். மலேசியாவில் 1967ஆம் ஆண்டின் தவணைக் கொள்முதல் சட்டம் இருக்கிறது. வாங்குகிறவருக்கு அது நல்ல கவசம். இரண்டு தவணை அடுத்தடுத்துத் தவறினால்தான் பொருளை எடுக்க வரலாம், அதற்கும் 21 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் கட்டியிருந்தால் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தொட முடியாது. (நம் நாட்டிலும் 1972இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றினார்கள். ஒரு நாள்கூட நடைமுறைக்கு வராமலேயே 2005இல் அதை ரத்து செய்தார்கள். அது தனிக் கதை.) ஆனால் வாங்கியவரும் இல்லை, பொருளும் இல்லை என்றால் எதை எடுப்பது? ஜாமீன்தாரரின் வீட்டுக் கதவுதான் மிச்சம்.

என் ஐயா (தாத்தா) மலாயாவில் ஒரு வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடியாகப் போய், முதலாளின் உதவியாளரான அடுத்தாளாக உயர்ந்தவர். ஒரு முறை போனால் மூன்று வருஷ வேலை, அதைக் ‘கணக்கு’ என்பார்கள். கணக்கு முடிந்தால் ஊருக்குக் கப்பல். அந்தக் காலத்திலும் ஆள் கிளம்பும்போது எல்லாக் கடனும் வசூலாகியா இருக்கும்? பாதி பாக்கி நிற்கும். ஆனால் அடுத்த கணக்குக்கு வருகிற ஆளிடம் பேரேட்டை ஒப்படைத்து, ஒவ்வொரு பற்றையும் விளக்கிச் சொல்லிவிட்டுத்தான் கப்பல் ஏறுவார்கள். என் அப்பச்சி (அப்பா) இதைப் பெருமையாகச் சொல்வார். கொடுத்தவர்களுக்குப் பின்னால் ஓர் ஆள் வந்தார். வாங்குகிற நமக்குப் பின்னால் யாரும் வருவதில்லை. நாம் போட்டுவிட்டு வருகிற பேரேடு ஜாமீன் கையெழுத்துப் போட்டவரின் மடியில் விழுகிறது.

ஆகவே வெளிநாட்டில் தவணைக்கே வாங்காதீர்கள் என்ற உங்கள் கட்டுரையின் முடிவை நான் ஏற்கவில்லை. கைக்குழந்தையோடு இருக்கிறவளிடம் அதைச் சொல்லிப் பாருங்கள், தெரியும். தவணை பெர்மிட்டைவிட நீளமாக இருக்கக் கூடாது என்பதே நான் சொல்ல வருவது. பெர்மிட்டில் பதினொரு மாதம் இருந்தால் பத்து மாதத் தவணை. மாதத் தொகை எட்டாவிட்டால் முன்பணத்தைக் கூட்டலாம், அல்லது ஊரைக் காலி செய்துகொண்டு போகிறவர்களிடம் பழைய சாமான் வாங்கலாம். கிள்ளானில் அப்படிக் கிடைக்காத பொருளே இல்லை. கடனை அடைத்ததும் கடையிலிருந்து கடிதம் வாங்கி, அதன் நகலை ஜாமீன்தாரர் கையில் கொடுத்துவிட்டு வர வேண்டும். இப்போது கைபேசியில் விரலால் தட்டினாலே தவணை கிடைக்கிறதாம், ஜாமீனே கேட்பதில்லையாம். மலேசியாவில் ஜொகூரில் வேலை பார்க்கும் என் மருமகன் பெருமையாகச் சொன்னார். பெர்மிட் எப்போது முடிகிறது என்று கேட்டேன். பேச்சை மாற்றிவிட்டார்.

நான் 1,096 வெள்ளியையும் கடைசிச் சம்பளத்திலிருந்து கட்டினேன். அந்தக் கடை முடிவுக் கடிதம் தர மூன்று வாரம் இழுத்தது. பெர்மிட் முடிய நான்கு நாள் இருக்கும்போதுதான் கைக்கு வந்தது. அதற்குள் நான் போன நடை கொஞ்சமா? வாஷிங் மெஷினைப் பக்கத்து வீட்டில் விற்றோம். பிரிட்ஜுக்கு அண்ணன் பணம் கொடுக்க வந்தார், மனைவி வாங்க மறுத்துவிட்டாள். இப்போதும் ஒவ்வொரு தீபாவளிக்கும் தொலைபேசியில் பேசுகிறார். அந்தப் பிரிட்ஜ் 2011 வரை ஓடியதாம். கதவின் ரப்பரை மட்டும் ஒருமுறை மாற்றினாராம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
தேவகோட்டை