புலனாய்வுச் செய்தி கற்பிக்க ஒரு பருவம் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நம் கல்லூரிகள் பலவற்றில் இதழியல், காட்சித் தொடர்பியல் துறைகளின் பாடத்திட்டத்தில் ‘புலனாய்வு இதழியல்’ என்று ஒரு தாள் இருக்கிறது. மாவட்டச் செய்தியாளனாக இருபத்தாறு ஆண்டுகள் பணியாற்றி ஓய்வுபெற்ற பின், அத்தகைய துறையொன்றில் வாரம் இரண்டு வகுப்புகள் எடுத்துவருகிறேன். அந்தத் தாளை ஒரே பருவத்தில் நடத்தி முடித்துவிடலாம் என்று பாடத்திட்டக் குழுக்கள் எண்ணுவது தவறு என்பதை இந்த அனுபவத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

ஒரு பருவம் என்பது சுமார் 90 வேலைநாள். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனுவுக்குப் பதிலளிக்கப் பொதுத் தகவல் அலுவலருக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பதில் வராவிட்டாலோ, வந்த பதில் மழுப்பலாக இருந்தாலோ, முதல் மேல்முறையீடு செய்ய 30 நாள்; அதன்மீது முடிவெடுக்க 30 முதல் 45 நாள்; அதுவும் பயன்படாவிட்டால் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்ய 90 நாள்; ஆணையம் இத்தனை நாளுக்குள் தீர்ப்பளிக்க வேண்டும் என்ற கெடு சட்டத்தில் இல்லை. முதல் வகுப்பு நடந்த அன்றே ஒரு மாணவர் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி மனுவை அனுப்பினாலும், அவருடைய தேர்வு முடிந்த பிறகும் அந்த மனு உயிரோடுதான் இருக்கும். விளைவாக, மாணவர்கள் போஃபர்ஸ் பீரங்கி பேர ஊழல் எப்படி வெளிவந்தது என்று பத்து மதிப்பெண் விடை எழுதுகிறார்களே தவிர, ஓர் ஆவணத்தையாவது தாமே கேட்டு வாங்கிப் படித்ததில்லை.

தேர்தல் பத்திர விவகாரத்தை நான் வகுப்பில் விரிவாக எடுத்துக்கொள்வதும் இதனால்தான். வங்கியில் பத்திரம் வாங்கி, கொடுப்பவர் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்கு நன்கொடை தர வழிசெய்த திட்டம் அது. 2018 ஏப்ரலில் பூனம் அகர்வால் என்ற செய்தியாளர் ஆயிரம் ரூபாய்ப் பத்திரங்கள் இரண்டை வாங்கித் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்பினார். வெறுங்கண்ணுக்குத் தெரியாத ஓர் எண் புற ஊதா ஒளியில் தெரிந்தது. அது போலியைத் தடுப்பதற்கான பாதுகாப்பு அம்சம் மட்டுமே என்றும், வாங்குபவரோடு தொடர்புபடுத்தி வங்கி அதைக் குறித்துவைப்பதில்லை என்றும் நிதி அமைச்சகம் அப்போது விளக்கம் தந்தது. 2019இல், ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி லோகேஷ் பத்ரா தகவல் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்ற கோப்புகளைக் கொண்டு செய்தியாளர் நிதின் சேத்தி எழுதிய தொடர், இத்திட்டத்துக்கு ரிசர்வ் வங்கி தெரிவித்த ஆட்சேபங்கள் எப்படிப் புறந்தள்ளப்பட்டன என்பதை வெளிக்கொணர்ந்தது. உச்ச நீதிமன்றம் திட்டத்தையே செல்லாததாக்கியது 2024 பிப்ரவரி 15 அன்றுதான். மார்ச் 14 அன்று வெளியான பட்டியல்களில் வாங்கியவர்கள் ஒரு பக்கமும் பணமாக்கிய கட்சிகள் மறுபக்கமும் இருந்தன. இரண்டையும் இணைக்கும் எண் இல்லை. நீதிமன்றம் மீண்டும் கண்டித்த பிறகு மார்ச் 21 அன்று எண்களும் வந்தன. பின்னர்தான், மிக அதிகமாக 1,368 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வாங்கியிருந்த, கோவையைச் சார்ந்த லாட்டரி நிறுவனத்தின் பணம் எந்தெந்தக் கட்சிக்குப் போனது என்பதை எவரும் வரிவரியாகப் பொருத்திப் பார்க்க முடிந்தது. ஆயிரம் ரூபாய்ப் பத்திரத்தில் கண்ட ஓர் எண்ணுக்குப் பொருள் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆயின.

இதற்கெல்லாம் டெல்லிவரை போக வேண்டியதில்லை. கிராம நிலங்களின் வகையையும் உரிமையாளரையும் சொல்லும் அ-பதிவேடு, நிலத்தின் அளவுகளைக் காட்டும் புலப்படம், வில்லங்கச் சான்று, சட்டமன்றத்தில் துறைவாரியாக வைக்கப்படும் கொள்கை விளக்கக் குறிப்புகள், தணிக்கைத் துறை அறிக்கைகள், வேட்பாளர்களின் சொத்து விவரப் பிரமாணப் பத்திரங்கள் ஆகியவற்றுள் பெரும்பாலானவற்றை இன்று வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்ப்பது எளிது, படிப்பது அரிது. ‘ஏரி புறம்போக்கு’, அதாவது ஏரிக்கான அரசு நிலம், என்றிருந்த புல எண் உட்பிரிவாகி வேறு வகைப்பாட்டில் நிற்பதைக் கண்டுகொள்ள, எங்கள் மாணவர்களுக்கு ஒரு மாதம் ஆயிற்று. மனு எழுதும் முறையும் அப்படியே. ‘ஏரி ஏன் சுருங்கியது?’ என்று கேட்டால் ‘இது தகவல் அல்ல’ என்று ஒரே வரியில் பதில் வரும். இன்ன ஆண்டின் இன்ன பதிவேட்டின் நகல் வேண்டும் என்று கேட்டால் தட்டிக்கழிப்பது கடினம். இந்த வேறுபாட்டைக் கரும்பலகையில் எழுதிப்போட்டால் யாரும் கற்றுக்கொள்வதில்லை. ஒருமுறை மனு திரும்பி வந்தால் மறப்பதில்லை.

என் பிழை ஒன்றையும் நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. பணிக்காலத்தில் ஒருநாள், ஒரு ஒப்பந்தப்புள்ளி தொடர்பான கோப்பின் நகல் அனுப்புநர் பெயரில்லாத உறையில் வந்தது. கையொப்பம், முத்திரை, தேதி எல்லாம் உண்மையானவை என்று சரிபார்த்துவிட்டுச் செய்தி எழுதினேன். அனுப்பியவர் ஒப்பந்தத்தை இழந்த தரப்பைச் சேர்ந்தவர் என்பதும், அதே கோப்பின் அடுத்த பக்கத்தில் இருந்த விளக்கத்தை அவர் வேண்டுமென்றே விட்டுவிட்டார் என்பதும் பின்னர்தான் தெரிந்தன. மறுநாள் திருத்தம் வெளியிட்டோம். எதிர்த்தரப்பிடம் தொலைபேசியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். செய்தி முந்த வேண்டும் என்ற அவசரத்தில் கேட்கவில்லை. அவதூறு குற்றச் சட்டத்தில் ‘உண்மை’ மட்டும் தற்காப்பாகாது, அதை வெளியிடுவது பொதுநலனுக்காக இருக்க வேண்டும் என்பதைப் பாடநூல் சொல்கிறது. பாதி உண்மை எவ்வளவு நேர்த்தியான முத்திரையோடு வந்து சேரும் என்பதை அது சொல்வதில்லை.

ஆகவே, இந்தத் தாளைக் குறைந்தது இரண்டு பருவங்களுக்கு நீட்ட வேண்டும். எழுத்துத் தேர்வுக்கு 75, உள்மதிப்பீட்டுக்கு 25 என்ற பழைய பங்கீட்டை இத்தாளுக்கேனும் தலைகீழாக்க வேண்டும். மாணவர் யாரைச் சந்தித்தார், எந்த ஆவணத்தைக் கேட்டார், எது கிடைக்கவில்லை, எந்த ஊகம் தவறாகப் போயிற்று என்று தேதியிட்டு எழுதிவரும் குறிப்பேட்டுக்குத்தான் முதன்மை மதிப்பெண். செய்தி கிடைக்காமல் போன தேடலுக்கும் மதிப்பெண் தர வேண்டும். இல்லையென்றால் மதிப்பெண்ணுக்காகச் செய்தியை உண்டாக்கும் பழக்கம் வந்துவிடும். சிறு கல்லூரிகளில் இதற்கு ஆளும் நேரமும் இல்லை என்பார்கள். தொலைக்காட்சிக் கூடத்தைப் போலவே ஒரு கூடம் கட்டுவதற்கு இருந்த பணத்தில், ஒரு வழக்கறிஞரையும் ஓய்வுபெற்ற வட்டாட்சியர் ஒருவரையும் மாதம் இருமுறை வகுப்புக்கு அழைக்கலாம்.

மேலே சொன்ன ஏரி குறித்து எங்கள் மாணவியர் இருவர் அனுப்பிய மனு, இப்போது மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடாக நிற்கிறது. அவர்கள் பட்டம் பெற்றுச் சென்றுவிட்டார்கள். மனு அவர்கள் பெயரில் இருப்பதால் விசாரணை அறிவிப்பு அவர்களுக்கே வரும். கோப்பும் குறிப்பேடும் இந்த ஆண்டு இரண்டாமாண்டு மாணவர்கள் மூவரிடம் ஒப்படைக்கப்பட்டுள்ளன. முதல் பக்கத்தில் அந்த இருவரின் கைபேசி எண்களை எழுதி ஒட்டியிருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செய்தியாளர் ஒருவர்,
மதுரை.