பணம் என்றைக்கு வரும் என்று சொல்லிவிடுங்கள்

ஃப்ரீலான்சர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களின் மேலாளர்களுக்கும், அந்த வேலைக்குப் பணம் அனுப்பும் அக்கவுண்ட்ஸ் பிரிவினருக்கும்,

வணக்கம்.

மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுத் தனியாக வடிவமைப்பு வேலை செய்யத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. லோகோ, புத்தக அட்டை, இணையதளப் பக்கம் என்று வருவதையெல்லாம் செய்கிறேன். முதல் வருடம் எனக்குத் தூக்கமே இல்லை. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வந்தது: காலையில் நட, மூச்சுப் பயிற்சி செய், ராத்திரி போனைத் தள்ளி வை. எல்லாம் நல்ல யோசனைதான், நானும் நடந்தேன். நடக்கும்போது மனதில் ஓடியது ஒன்றே ஒன்று: அந்த இன்வாய்ஸ், அதாவது செய்த வேலைக்கு நான் அனுப்பிய பில், என்ன ஆச்சு?

புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு மன அழுத்தத்தைச் சமாளிக்கச் சொல்லித்தரும் கட்டுரைகள் நிறைய வருகின்றன. அவை எல்லாமே எங்களைப் பார்த்து எழுதியவை. அந்த அழுத்தத்தில் பாதி உங்கள் மேசையிலிருந்து கிளம்பி வருகிறது என்பதால், இந்தக் கடிதம் உங்களுக்கு.

என் முதல் பெரிய வேலை ஒரு நிறுவனத்துக்குச் செய்தது. பெயர் வேண்டாம். வேலையை ஒப்படைத்த அன்றே இன்வாய்ஸ் அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்துக் கேட்டேன். "ப்ராசஸ்ல இருக்கு" என்றார்கள். மறுபடி கேட்டபோது மேலே ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், அவர் விடுமுறையில் இருக்கிறார். அப்புறம் கேட்டபோது, "நீங்க வெண்டர் ஃபார்ம் நிரப்பவே இல்லையே?" வெளியாட்களுக்குப் பணம் போட அப்படி ஒரு பதிவு ஃபார்ம் இருப்பதையே அன்றுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. உடனே நிரப்பி அனுப்பினேன். அதற்குள் அந்த மாதப் பேமெண்ட் சுற்று முடிந்துவிட்டது. பணம் வந்து சேர்ந்தது ஐந்தாவது மாதம்.

யாரும் என்னை ஏமாற்றவில்லை. பேசிய எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். முதல் நாளே "ஐந்து மாதம் ஆகும்" என்று சொல்லியிருந்தால் நான் வேலையை வேண்டாம் என்றிருப்பேன், இல்லாவிட்டால் கையிருப்பை அதற்கேற்பப் பிரித்து வைத்திருப்பேன். இரண்டில் எதுவானாலும் தூங்கியிருப்பேன். தாமதம்கூடப் பரவாயில்லை, எவ்வளவு தாமதம் என்று தெரியாததுதான் ஆளைத் தின்றது. ஒவ்வொரு நினைவூட்டல் மின்னஞ்சலுக்கும் அரைமணி நேரம் போகும். கொஞ்சம் கடுமையாக எழுதினால் அடுத்த வேலை போய்விடுமோ என்று பயம். பணிவாக எழுதினால் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. "சும்மா நினைவூட்டத்தான்" என்ற வரியை எத்தனை விதமாக எழுதலாம் என்று கேட்டால் இப்போது நான் வகுப்பே எடுப்பேன்.

2013-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம் நடத்தியது. கரும்புக்காரருக்குப் பணம் அறுவடையை ஒட்டி மொத்தமாக வரும். அதற்கு முந்தைய மாதங்களில் கை இறுக்கம். அதே ஆளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் யோசனைத் திறன் சோதனைகள் வைத்தார்கள். பணம் வருவதற்கு முன்பு அவர் செய்தது மோசமாக இருந்தது. ஆள் அவர்தான், மூளையும் அதேதான். பணக் கவலை மூளையில் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது என்றார்கள் ஆய்வாளர்கள். முடிவுகளைப் பற்றி மற்ற ஆய்வாளர்கள் வாதாடியும் இருக்கிறார்கள், அதனால் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் படித்தபோது என் முதல் வருடத்தை யாரோ அளந்து பார்த்தது மாதிரி இருந்தது.

நீங்கள் செய்வது என்ன? பழைய வேலைக்குப் பணம் நிலுவையில் இருக்கும்போதே புது வேலையைக் கொடுக்கிறீர்கள். வந்த டிசைனைப் பார்த்துவிட்டு, "இந்தத் தடவை ஏதோ குறையுது" என்கிறீர்கள். குறைகிறதுதான்!

ஜெர்மனியில் பணியாற்றிய சமூகவியலாளர் யோஹன்னஸ் சீக்ரிஸ்ட் 1996-இல் இதற்கு ஒரு விளக்கம் கொடுத்தார். போடும் உழைப்புக்கும் திரும்பக் கிடைப்பதற்கும் பொருத்தம் இல்லாதபோதுதான் வேலை உடம்பைக் கெடுக்கிறது என்றார். திரும்பக் கிடைப்பது என்று அவர் சொன்னதில் பணம் மட்டும் இல்லை. மதிப்பும், வேலை நிலைக்கும் என்ற நம்பிக்கையும் சேர்த்தி. சம்பளக்காரருக்கு மூன்றில் ஏதாவது ஒன்று தேறும். புதிதாகத் தனியாக இறங்கியவருக்கு, இன்வாய்ஸ் நிலுவையில் இருக்கும் மாதங்களில், மூன்றும் சேர்ந்தே தொங்கிக்கொண்டிருக்கும்.

சரி, எங்கள் பக்கத்துத் தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் வருடம் வந்த வேலை எதையும் நான் மறுத்ததில்லை. ஒன்றை வேண்டாம் என்றால் அப்புறம் போனே அடிக்காது என்று பயம். இரவு பதினொரு மணிக்கு "நாளைக் காலை கிடைக்குமா?" என்று கேட்டவருக்கு "கண்டிப்பா" என்று பதில் போட்டது நான்தான், என் கையை யாரும் பிடித்து எழுத வைக்கவில்லை. வாரத்துக்கு 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் கணக்குச் சொன்னபோது, நான் என் மணிகளை எண்ணாமல் விட்டேன். எண்ணினால் தெரிந்துவிடும் என்பதால்தான்.

பிறகு மெதுவாகத் திருத்திக்கொண்டேன். பாதி அட்வான்ஸ் வராமல் கணினியைத் திறப்பதில்லை. எத்தனை முறை திருத்தம் என்பதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இவற்றையெல்லாம்விட உதவியது ஒரு வங்கிக் கணக்கு. வரும் பணம் எல்லாம் அதில் போய் விழும். மாதம் ஒன்றாம் தேதி அதிலிருந்து எனக்கு நானே சம்பளம் போட்டுக்கொள்வேன். நன்றாக வந்த மாதத்தில் சம்பளம் கூடாது, வராத மாதத்தில் குறையாது. அந்தக் கணக்கில் மூன்று மாதச் சம்பளம் சேர ஒன்றரை வருடம் பிடித்தது. சேர்ந்த பிறகுதான் ஒரு வேலையை முதன்முறையாக மறுத்தேன். போன் மறுநாளும் அடித்தது.

பணத்தைப் பற்றிக் கேட்பதற்கு வெள்ளிக்கிழமை காலை ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். மற்ற நாளில் நினைவு வந்தால் தாளில் குறித்துவிட்டு நகர்ந்துவிடுவேன். படுக்கும் முன் ஐந்து நிமிடம் அடுத்த நாள் வேலைகளை எழுதுகிறேன். இது என் கண்டுபிடிப்பு இல்லை. படுக்கும் நேரத்தில் முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட, இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சீக்கிரம் தூங்கினார்கள் என்று 2018-இல் அமெரிக்காவில் ஒரு சிறிய ஆய்வு சொன்னது. எனக்குப் பலித்தது. ஆனால் பட்டியலில் "வெள்ளி 10 மணி: அக்கவுண்ட்ஸுக்குப் போன்" என்று எழுதும் இரவுகளில் கொஞ்சம் புரளத்தான் செய்கிறேன்.

சட்டம் இருக்கிறதே என்று உங்களில் சிலர் கேட்கலாம். இருக்கிறது. தாமதமாக வரும் வணிகக் கடனுக்கு வட்டி கேட்கும் உரிமையை பிரிட்டன் 1998-இலேயே கொடுத்தது. 2011-ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய உத்தரவு, நிறுவனங்களுக்கு இடையே வெளிப்படையாக வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் 60 நாள் என்று எல்லை போட்டது. நியூயார்க் நகரில் ஃப்ரீலான்சர்களுக்கென்றே ஒரு சட்டம் 2017-இல் அமலுக்கு வந்தது; ஒப்பந்தத்தில் தேதி இல்லாவிட்டால் வேலை முடிந்து 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். இந்தியாவில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு செய்த குறு, சிறு தொழில்களுக்குப் பணம் தர 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. எல்லாம் நல்ல சட்டங்கள். ஆனால் தொழில் தொடங்கிய ஆறாவது மாதத்தில், கையில் இருக்கும் மூன்று வாடிக்கையாளர்களில் ஒருவர் மேல் புகார் எழுத யாருக்குத் துணிவு வரும்? சட்டத்தைக் கையில் எடுக்கிற அன்று அந்த உறவு முடிந்தது. உங்களுக்கும் அது தெரியும்.

அதனால் சட்டத்தைக் காட்டி எதுவும் கேட்கவில்லை. வேலை பேசும் அன்றே பணம் வரும் வழியைச் சொல்லிவிடுங்கள். எந்த ஃபார்ம், யார் கையெழுத்து, மாதத்தின் எந்தத் தேதி. பல நேரம் வேலை கொடுக்கிற மேலாளருக்கே இது தெரிவதில்லை. பக்கத்து அறையில் கேட்டால் இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். சொன்ன தேதியில் முடியவில்லை என்றால், நாங்கள் கேட்பதற்கு முன் "அடுத்த மாதம் 10-ஆம் தேதி ஆகும்" என்று ஒரு வரி போடுங்கள். கோபம் வராது, நிம்மதிதான் வரும். விலைப்புள்ளி வாங்கிவிட்டு வேறு ஆளிடம் கொடுத்துவிட்டீர்களா, "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். உங்கள் பதிலுக்காக ஒரு வாரத்தைக் காலியாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். ராத்திரி செய்தி அனுப்புவது உங்கள் வசதி, ஆனால் கூடவே "திங்கள் பார்த்தால் போதும்" என்று சேருங்கள். திருத்தம் சொல்வதற்கு முன் உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிடுங்கள்; மூன்று பேர் மூன்று நாளில் மூன்று நிறம் கேட்டால், நாலாவது நாள் நாங்கள் கடைசியாகக் கேட்டவரின் நிறத்தைத்தான் போடுவோம்.

இதெல்லாம் நடக்காத காரியமா என்றால், எனக்கு ஒரு சின்ன நிறுவனம் வேலை கொடுக்கிறது. அவர்கள் அனுப்பிய முதல் மின்னஞ்சலின் கடைசி வரி: "இன்வாய்ஸ் 20-ஆம் தேதிக்குள் வந்தால் அந்த மாதக் கடைசி நாள் பணம் வரும், 20 தாண்டினால் அடுத்த மாதக் கடைசி நாள்." மற்றவர்களைவிட அவர்கள் தருவது கொஞ்சம் குறைவுதான். இரண்டு பேர் ஒரே வாரத்தில் வேலையோடு வந்தால் நான் முதலில் எடுப்பது அவர்களுடையதை. அவர்களுக்கு நான் ஒரு நினைவூட்டல்கூட எழுதியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் வெண்டர் பட்டியலில் ஓர் எண்ணாக இருக்கும் வடிவமைப்பாளர்