அது பொங்கோ அல்ல, ஜெம்பே

ஆசிரியர் அவர்களுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பத்திரிகையில் நிலாவெளிக் கடற்கரையில் இளைஞர்கள் சிலர் மேளம் அடிக்கிற படம் வந்திருந்தது. அழகான படம். ஆனால் அதன் கீழே பொங்கோ என்று போட்டுவிட்டீர்கள். பொங்கோ கியூபாவில் பிறந்தது, சின்னதாக இரண்டு மேளம் ஒட்டியிருக்கும், முழங்கால்களுக்கு நடுவில் வைத்து வாசிப்பார்கள். படத்தில் இருந்தது ஜெம்பே, மேற்கு ஆபிரிக்காவில் மாலி, கினி நாடுகளின் மாண்டே மக்களுடைய மேளம். தவிலைப் பார்த்து மிருதங்கம் என்று யாராவது எழுதினால் நாம் சும்மா இருப்போமா? அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் உப்புவெளியில் இருக்கிறேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் இங்கே ஒரு விடுதியில் இரண்டு மாதம் தங்கியிருந்த ஒருவரிடம் இதைப் பழகினேன், அவர் கினியில் போய்ப் படித்தவர், ஊருக்குப் போகும்போது தன்னுடைய ஜெம்பேயை என்னிடமே விட்டுப் போனார். முழுவதும் ஒரே அடிமரத்தில் குடைந்தது. அங்கே லெங்கே போன்ற வைரம் பாய்ந்த மரங்களில்தான் செய்வார்கள், செதுக்குகிற வேலை பரம்பரையாக நூமு என்கிற கொல்லர் குடியினருடையது. உயரம் இரண்டு அடி, முகம் ஒரு அடியைவிடக் கொஞ்சம் அகலம், மேலே கிண்ணம் மாதிரி விரிந்து கீழே குழாயாக ஒடுங்கும். கைக்கு வேலை கொடுப்பது அந்த வடிவம்தான், நடுவில் அடித்தால் காற்று கீழே இறங்கிக் கும்மென்று வரும், ஓரத்தில் அடித்தால் தோல் மட்டும் பேசும். உல்லாசப் பிரயாணிகளுக்கு விற்பதற்காக இந்தோனேசியாவில் கடைசல் இயந்திரத்தில் செய்து அனுப்புகிறவையும் உண்டு. பார்வைக்கு அப்படியே இருக்கும், மரம் மென்மை, சத்தம் தட்டை. பழகுவதற்கு அதுவும் போதும், ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஜெம்பே இவ்வளவுதான் என்று முடிவு கட்டாதீர்கள்.

சரி, கடற்கரையில் நான் பார்க்கிற பிழைகளைச் சொல்கிறேன். முதலாவது, மேளத்தைத் தரையில் நேராக நிறுத்தி வைத்து அடிப்பது. கீழ்வாய் மணலில் அடைபட்டால் கும்மென்ற நாதம் எங்கே போகும்? முன்னால் கொஞ்சம் சாய்த்துத் தொடைகளால் பிடித்துக்கொள்ள வேண்டும், நின்று வாசிப்பதென்றால் தோளிலோ இடுப்பிலோ பட்டி கட்ட வேண்டும். இரண்டாவது, மோதிரத்தோடு அடிப்பது. தோலும் போகும், விரலும் போகும். மூன்றாவதுதான் பெரிய பிழை: பலம் போடுவது. ஜெம்பேக்கு அடிப்படைச் சத்தம் மூன்று. நடுவில் உள்ளங்கையோடு முழுக் கையையும் போட்டு உடனே எடுத்தால் கனத்த அடி. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கையின் மேட்டுப் பகுதி விளிம்பில் பட அடித்தால் உருண்டையான நாதம். அதே இடத்தில் விரல்களைத் தளர்த்தி நுனி சுண்டுகிற மாதிரி விட்டால் வெடிக்கிற கூர்மையான சத்தம். இந்த மூன்றாவதைத் தேடித்தான் எல்லோரும் கை வீங்க அடிக்கிறார்கள், நானும் மூன்று மாதம் அப்படித்தான் அடித்தேன், கை தளர்ந்த அன்றைக்குத்தான் அது வந்தது.

நைஜீரியாவிலிருந்து அமெரிக்கா போய் இந்த வாசிப்பைப் பரப்பிய பாபாதுண்டே ஒலாதுஞ்சி இந்த அடிகளுக்குச் சொற்கட்டே வைத்திருந்தார். கனத்த அடி வலக்கையில் ‘கூன்’, இடக்கையில் ‘டூன்’, அடுத்தது ‘கோ’, ‘டோ’, கூர்மையானது ‘பா’, ‘டா’. தகதிமி சொல்லி வளர்ந்த நம்முடைய பிள்ளைகளுக்கு இதைவிட இலகுவான வழி வேறு இல்லை. வாயால் சொல்ல வந்தால் கையால் வரும்.

இன்னொன்று. ஜெம்பே தனியாக வாசிக்கிற வாத்தியம் இல்லை. அதனோடு டுண்டுன் என்கிற மூன்று பெரிய மேளங்கள் இருக்கும், டுண்டுன்பா, சங்பன், கென்கெனி, மாட்டுத்தோல் போர்த்தித் தடியால் அடிப்பவை. தாளத்தின் பாட்டே அவற்றில்தான் ஓடும். சல்லரி இல்லாமல் மத்தளத்தை மட்டும் வைத்துக் கூத்து ஆடுவோமா? அங்கே ஒவ்வொரு தாளத்துக்கும் ஒரு வேலை இருக்கிறது. காஸா என்பது வயலில் வேலை செய்கிறவர்களுக்காக வாசிப்பது, நம்முடைய களத்துப் பொலிப்பாட்டு மாதிரி. கினியில் பிறந்து உலகமெல்லாம் கற்பித்து 2021இல் காலமான மாமடி கெய்தா தாளத்தோடு அதன் கதையையும் சொல்லித்தான் கொடுத்தார். நாமும் அப்படிப் பழக வேண்டும் என்பது என் ஆசை.

இங்கே இதைப் பராமரிப்பது பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருகோணமலையின் காற்று ஆட்டுத்தோலைச் சும்மா விடாது. மாரியில் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், வறண்ட கச்சான் காற்று அடிக்கிற காலத்தில் தானாகவே முறுகி ஏறிவிடும். மாரியில் தொய்கிறதே என்று கயிற்றை இழுத்து இறுக்கிவிட்டு, கச்சானில் அப்படியே வெயிலில் வைத்தீர்களென்றால் தோல் பிளந்துவிடும். எனக்கு அப்படித்தான் பிளந்தது. கட்டித்தர யாரும் இல்லையென்று மூன்று வருடம் மூலையில் கிடந்தது, அப்புறம் மத்தளம் கட்டுகிற ஒரு ஐயாவிடம் கொண்டு போனேன். அவர் ஜெம்பேயை அதற்கு முன் பார்த்ததே இல்லை. இரும்பு வளையங்களையும் கயிற்றுப் பின்னலையும் ஐந்து நிமிடம் திருப்பித் திருப்பிப் பார்த்தார், ஆட்டுத்தோலை ஒரு இரவு ஊற வைத்தார், முதுகுக் கோடு நடுவில் வருகிற மாதிரி போட்டு இழுத்தார், நன்றாகக் காய்ந்த பிறகுதான் மறுபடி இறுக்கினார். சுருதியை ஏற்றுவதற்குக் கீழே குறுக்குக் கயிற்றைப் பின்னிக்கொண்டு போகிற முடிச்சை மட்டும் நான் காட்டிக் கொடுத்தேன். நைஜீரியாவில் யொரூபா மக்கள் உடுக்கு மாதிரியான மேளத்தை அக்குளில் இடுக்கி, கயிற்றை அழுத்தி அழுத்திப் பேச்சின் ஏற்ற இறக்கத்தையே வாசிப்பார்கள் என்று சொன்னேன். உள்ளே போய்த் தன்னுடைய உடுக்கை எடுத்துக்கொண்டு வந்து, அப்படி எவ்வளவு தூரம் ஏற்றுவார்கள் என்று கேட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வர இரவு பத்து மணி.

விடுதிகளில் தோல் கிழிந்து பூச்சட்டி மாதிரி கிடக்கிற ஜெம்பேக்கள் எனக்குத் தெரிந்தே ஐந்தாறு இருக்கின்றன. எறிந்துவிடாதீர்கள், உங்கள் ஊரில் மத்தளமோ பறையோ கட்டுகிறவரிடம் கொண்டு போங்கள், அவருக்கும் ஒரு வேலை கிடைக்கும். பத்திரிகையிடம் நான் கேட்பது இரண்டு. படத்துக்குக் கீழே ஒரு திருத்தம். இடம் இருந்தால், நம்முடைய பகுதியில் மேளம் கட்டுகிறவர்களைப் பற்றிக் கலைப் பக்கத்தில் எழுதுங்கள், அந்த ஐயாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, பக்கத்தில் இருந்து பழக இன்னும் ஒருவரும் வரவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை