சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெரியவனுக்கு

பெரியவனே,

நாளையிலிருந்து உனக்கு லீவு. போன லீவுக்கு உன் மேஜைக்கு மேலே நான் ஒட்டிய படிப்பு அட்டவணையை இன்று கிழித்துவிட்டேன். சுவரின் பெயிண்ட்டும் சேர்ந்து உரிந்து வந்தது. அதில் என்ன இருந்தது, அப்புறம் என்ன ஆனது என்பதெல்லாம் உனக்கே தெரியும். உன்கூடப் படிக்கிறவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் மார்க் இங்கே வராது.

அந்த ஒரு மத்தியானம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. வேதியியல் புத்தகம் மூடியபடி உன் மடியில் கிடந்தது. நீ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். உதடு மட்டும் லேசாக அசைந்தது. பக்கத்தில் ஒரு வெள்ளைத்தாள், பாதி எழுதிய சமன்பாடு, இரண்டு இடத்தில் கேள்விக்குறி. "புத்தகத்தைத் திறடா, கனவு காண இதுவா நேரம்?" என்று கத்தினேன். நீ திறந்தாய். மஞ்சள் ஹைலைட்டரை எடுத்து வரி வரியாகப் பூசினாய். அரை மணி கழித்து வந்து பார்த்துவிட்டு உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். கத்தியதைவிட அந்தத் தடவலை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது.

2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்துச் சோதித்திருக்கிறார்கள். ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். உன் பரீட்சை ஐந்து நிமிடத்திலா வந்தது? லீவெல்லாம் முடிந்த பிறகல்லவா வந்தது.

அட்டவணையிலும் தப்பு. ஒரு பாடத்தை ஒரே நாளில் முடித்து டிக் அடித்தால் அதோடு சரி, மறுபடி அந்தப் பக்கம் போக உன்னை நான் விடவில்லை. படித்த கொஞ்ச நேரத்திலேயே மறதிதான் வேகமாக வேலை செய்கிறது என்று எபிங்ஹாஸ் என்ற ஜெர்மன் உளவியலாளர் 1885-லேயே தன்னை வைத்தே அளந்து எழுதிவிட்டார். ஒரு பாடத்துக்கு ஒரே நாளில் போட்ட மூன்று மணி நேரத்தை, இடைவெளி விட்டு மூன்று நாளுக்குப் பிரித்திருக்கலாம். எனக்கு யார் சொன்னார்கள்? நானும் கோடு போட்டுப் படித்தவள்தான்.

நீயாவது வாயைத் திறந்திருக்கலாம். "ஞாபகப்படுத்திப் பார்க்கிறேன்மா." இரண்டே வார்த்தை. அதைச் சொல்லாமல் மூன்று நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டாய். ராத்திரி ஒரு மணிக்குப் போர்வைக்குள் தெரிந்த போன் வெளிச்சமும் ஞாபகப்படுத்திப் பார்த்ததுதானா? சரி, இதை நாலு பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது. அழிக்கவும் மனசில்லை. படித்தது மனதில் பதியத் தூக்கம் வேண்டும். அன்று என் கோபத்தில் அந்த ஒரு பங்காவது நியாயம்.

பழைய வினாத்தாள்களை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். விடைகள் என்னிடம். எழுதி முடித்த பிறகு கேள், தருகிறேன். எதை எப்போது படிப்பது என்பதை நீயே முடிவு செய்துகொள். கேள்வி கேட்க ஆள் வேண்டுமென்றால் கூப்பிடு, வருகிறேன். தப்பாகச் சொன்னாலும் உச்சுக்கொட்ட மாட்டேன், பழகிக்கொண்டிருக்கிறேன்.

போன் மட்டும் ராத்திரி பத்து மணிக்கு ஹாலுக்கு வந்துவிட வேண்டும்.

அம்மா