ஆண்டறிக்கை: பழைய பாக்கெட் கால்குலேட்டர்களும் அவற்றின் கூடுகளும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவுக்குப் பிறகு நம் சங்கத்தில் நடந்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன். மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. மழையால் டிசம்பர் கூட்டம் மட்டும் தள்ளிப்போனது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே பழைய கால்குலேட்டர்களைப் பழுதுபார்க்கும் நம் பட்டறைக்கு நேராக வந்துவிடுகிறேன். இந்த ஆண்டின் பேச்சு, வாக்குவாதம், ஓரிரு மனஸ்தாபம் எல்லாம் அங்கேதான் நடந்தன.

பட்டறைக்கு வந்த கால்குலேட்டர்களில் பல, பாட்டரி போட்டதும் ஒழுங்காகக் கணக்குப் போட்டன. கெட்டிருந்தது வெளிக்கூடுதான். அந்தக் காலத்தில் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கியவை, சிங்கப்பூர் போய் வந்த மாமா கொடுத்தவை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை உண்டு. பலவற்றுக்குப் பின்மூடி மட்டும் இல்லை.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். ஓர் உறுப்பினர் தம் தந்தையாரின் கால்குலேட்டரை அதற்கென்றே வந்த வினைல் உறையிலேயே போட்டு பீரோவில் வைத்திருந்தார். உருவிப் பார்த்தால் உறையின் தையல் வரி, நூல் நூலாக, கூட்டின் முகப்பில் பதிந்திருந்தது. விரல் வைத்தால் பிசுபிசுத்தது. வினைல் வளைந்து கொடுப்பதற்காகச் சேர்க்கும் பொருள் நாளடைவில் வெளியே கசியும். பக்கத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக்கையும் இளக்கிவிடும். சென்னை வெக்கையில் கேட்கவே வேண்டாம். பத்திரமாக வைத்ததே வினையானது. உறைகளைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் கால்குலேட்டரைப் பருத்தித் துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

அடுத்து பாட்டரிக் கசிவு. வெள்ளையாகப் பூத்திருந்தால் உடனே வினிகரை எடுக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு. ஆல்கலைன், நிக்கல் காட்மியம் பாட்டரிகளில் கசிவது காரம். அதற்கு வினிகர் சரி. பழைய ஜிங்க் கார்பன் செல்லில் கசிவது அமிலத் தன்மை உள்ளது. அதற்குச் சமையல் சோடாக் கரைசல்தான். எந்த பாட்டரி என்று பார்க்காமல் துடைக்கக் கூடாது என்று பட்டறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம்.

உடைந்த திருகுக் குழிகளுக்கு இந்த ஆண்டு நல்ல வழி அமைந்தது. ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கால் ஆன, உடைந்து பயன்படாத கூடு ஒன்றைச் சுரண்டி, தூளை அசிட்டோன் என்ற கரைப்பானில் ஊறவைத்தால் கூழாகிவிடும். அதே இனப் பிளாஸ்டிக் என்பதால் விரிசலில் பூசினால் கூட்டோடு ஒன்றாகிவிடுகிறது. காய அவசரப்படக் கூடாது. டிஸ்பிளே கண்ணாடி பெரும்பாலும் அக்ரிலிக் பிளாஸ்டிக்; அசிட்டோன் பட்டால் போச்சு, எனவே அதை முதலில் கழற்றிவிட வேண்டும். ஃபெவிக்விக் வேண்டாம் என்று மறுபடியும் கேட்டுக்கொள்கிறேன். அதன் ஆவி சுற்றிலும் வெள்ளைப் படலமாகப் படிகிறது.

தொலைந்த பின்மூடிகளை 3டி பிரிண்டரில் அடித்துக் கொடுத்த இளைய உறுப்பினர்களுக்கு நன்றி. பிரிண்டருக்கான பிளாஸ்டிக் வகைகளில் பிஎல்ஏ வேண்டாம், பிஇடிஜி-யில் அடியுங்கள் என்பது என் கருத்து. பிஎல்ஏ 60 டிகிரி வாக்கில் இளகும்; வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணம்.

இனி வெளுப்பு விவகாரம். பழுப்பேறிய வெளிர்நிறக் கூடுகளை ஹைட்ரஜன் பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுப்பது உலகம் முழுக்க நடக்கிறது. பியூட்டி பார்லர் சாமான் கடையில் 40 வால்யூம் கிரீம் கிடைக்கும். அதாவது 12 சதவீதப் பெராக்சைடு. நம்மில் சிலர் அதைப் பூசி ஒரு கால்குலேட்டர் கூட்டை ஏப்ரல் வெயிலில் மொட்டை மாடியில் வைத்தார்கள். கிரீம் காய்ந்த இடம் ஒரு நிறம், காயாத இடம் ஒரு நிறம் என்று முகப்பு முழுக்க வரிவரியாகப் போனது. மெல்லிய பின்கூடு வளைந்தும் விட்டது. உரிமையாளர் பெருந்தன்மையோடு சிரித்துவிட்டார். நமக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அன்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: “தலைக்கு டை அடிச்சா வயசு குறைஞ்சிடுமா சார்?” அவர் பக்கம்தான் நான். ஏபிஎஸ்ஸில் உள்ள பியூட்டடையீன் என்ற ரப்பர் பகுதி, ஒளியும் காற்றும் பட்டு ஆக்சிஜனேற்றம் ஆவது பழுப்புக்கு ஒரு காரணம். தீத்தடுப்புக்குச் சேர்த்த புரோமின் சேர்மங்களுக்கும் பங்கு உண்டு. பெராக்சைடு நிறத்தை எடுக்கிறதே தவிர, போன வலுவைத் திருப்பித் தருவதில்லை. பழுப்பு மீண்டும் வரவும் செய்கிறது. வெளுக்க விரும்புவோரின் வாதத்தையும் பதிவு செய்கிறேன்: வடிவமைத்தவர் நினைத்த நிறம் பழுப்பு அல்ல. நியாயமான பேச்சுதான்.

ஆண்டு விழாவில் எச்பி நிறுவனத்தின் எச்பி-35 கால்குலேட்டர் ஒன்றைப் பிரித்துக் காட்டினோம். 1972-ல் 395 டாலருக்கு வந்த இயந்திரம். சட்டைப்பைக்குள் அடங்க வேண்டும் என்று வெளிவடிவத்தை முதலில் தீர்மானித்து, மின்சுற்றுகளை அதற்குள் அடக்கினார்கள். விசைகளிலேயே உள்ள எழுத்து அச்சடித்ததல்ல. இரு நிறப் பிளாஸ்டிக்கை ஒன்றுக்குள் ஒன்றாக வார்த்தது. அதனால் இத்தனை வருடம் அழுத்தியும் எழுத்து தேயவில்லை. அச்சடித்த எழுத்துள்ள மற்ற கால்குலேட்டர்களில் ஆல்கஹால் வைத்துத் துடைத்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் போதும்.

நம் தமிழ்நாட்டுக்காரரான ஷிவ் நாடார், டிசிஎம் நிறுவனத்தின் கால்குலேட்டர் பிரிவை விட்டு வந்து, 1976-ல் எச்சிஎல் கணினி நிறுவனத்தைத் தொடங்குவதற்கு முன் நண்பர்களோடு மைக்ரோகாம்ப் என்ற பெயரில் கால்குலேட்டர் விற்றார். அந்தக் காலத்து இந்தியத் தயாரிப்பு எதுவும் நம் அலமாரியில் இல்லை. யார் வீட்டுப் பரணிலாவது இருந்தால், கூடு எந்த நிலையில் இருந்தாலும் துடைக்காமல் கொண்டு வாருங்கள்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் செயற்குழு இரண்டு தீர்மானங்களை வைக்கிறது. ஒன்று, உரிமையாளர் எழுதிக் கொடுத்தால் மட்டுமே வெளுப்பது. அதுவும் கிரீம் இல்லாமல், 6 சதவீதக் கரைசலில் முழுதும் மூழ்க வைத்து, கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்வது. இரண்டு, வேலை தொடங்குமுன் கூட்டின் எல்லாப் பக்கமும் புகைப்படம் எடுத்துப் பதிவேட்டில் சேர்ப்பது.

பட்டறைக்குத் தம் வீட்டு மாடியைத் தந்த துணைத் தலைவர் குடும்பத்தாருக்கும், பெராக்சைடு நெடியைப் பொறுத்துக்கொண்ட அண்டை வீட்டாருக்கும் நன்றி தெரிவித்து, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்