சட்டத்தில் விட்டுப்போன நீளம்: டெக்ஸஸ் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்ஸஸ் மாநிலச் சட்டமன்றத்தின் இரு அவைகளையும் சேர்ந்த மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். உங்கள் மாநிலத்தில் எனக்கு ஓட்டு இல்லை. வேலை விசாவில் வந்து, பல ஆண்டுகளாக ஹூஸ்டன் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். வீட்டு வரி கட்டுகிறேன். அந்த ரசீதில் பெரிய தொகை பள்ளிக்கூடத்துக்குத்தான் போகிறது. ஆகவே பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேச எனக்குக் கொஞ்சம் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன். இதன் ஆங்கில வடிவம் உங்கள் அலுவலகங்களுக்குத் தனியாக வந்து சேரும். தமிழில் எழுதுவது, என்னைப் போல இங்கே பிள்ளை வளர்க்கும் தமிழர்கள் படிக்க வேண்டும் என்பதற்காக. அவர்களிடமும் எனக்கு ஒரு பேச்சு இருக்கிறது.

2023இல் நீங்கள் ஒரு நல்ல சட்டம் செய்தீர்கள். உறுப்பினர் ரெட்டா பவர்ஸ் கொண்டுவந்த மசோதாவுக்கு இரு கட்சிகளிலும் ஆதரவு கிடைத்தது. மே மாதம் ஆளுநர் கிரெக் ஆபட் கையெழுத்திட்டார்; செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்தது. மகுடம் என்று பொருள்படும்படி 'கிரவுன்' எனப் பெயர் சூட்டி, 2019இல் கலிஃபோர்னியா தொடங்கிவைத்து, இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட சட்டத்தின் டெக்ஸஸ் வடிவம் அது. ஒருவருடைய இனத்தோடு ஒட்டிவந்த முடியின் தன்மைக்காகவோ, அந்த முடியைப் பாதுகாக்கக் காலங்காலமாக அவர்கள் செய்துகொள்ளும் சிகை அலங்காரத்துக்காகவோ பள்ளியும் முதலாளியும் வீட்டு உரிமையாளரும் அவரை ஒதுக்கக் கூடாது என்று எழுதினீர்கள். பின்னல், லாக்ஸ் (கயிறுபோலத் திரண்ட சடை), முறுக்கு (இழைகளை முறுக்கிவிட்ட முடி) என்று மூன்றையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டீர்கள்.

ஒரு சொல் விட்டுப்போயிற்று. நீளம்.

அந்தச் சொல் இல்லாததால் என்ன ஆகிறது என்பதை என் வீட்டிலிருந்தே சொல்கிறேன். என் மகன் 2019இல் பிறந்தான். முதல் மொட்டை பழனியில் என்று என் மாமியார் வேண்டிக்கொண்டிருந்தார். மறு ஆண்டே பெருந்தொற்று. பிறகு விசா முத்திரைக்குத் தூதரகத்தில் தேதி கிடைக்கவில்லை. வேண்டிக்கொண்ட முடியில் கத்தரி படக் கூடாது என்பதால் வளர்ந்துகொண்டே போயிற்று. 2024 ஆகஸ்டில் அவன் கிண்டர்கார்டன் போனபோது பின்னல் தோளைத் தொட்டது. இரண்டாவது வாரமே பள்ளியிலிருந்து மின்னஞ்சல்: ஆண் பிள்ளைகளின் முடி சட்டைக் காலரைத் தாண்டக் கூடாது. கோயிலுக்குப் போய் அர்ச்சகரிடம் சொன்னேன். முத்திரை வைத்து அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். நான்கே நாளில் விதிவிலக்கு கிடைத்துவிட்டது.

அதே வகுப்பில் கறுப்பினத்துப் பையன் ஒருவன். தலையோடு ஒட்டி வரிவரியாகப் பின்னிய பின்னல். பிடரியில் தொங்கும் நுனிகளில் நீலமும் வெள்ளையுமாக மணிகள்; அவன் ஓடினால் முதலில் மணிச் சத்தம்தான் வரும். அவன் அம்மாவுக்கும் அதே மின்னஞ்சல் போயிருந்தது. பிள்ளைகளை அழைத்துப்போக நிற்கும் வரிசையில் என்னிடம் கேட்டார்: “உங்கள் பையனை எப்படி விட்டார்கள்?” சாமிக்கு நேர்ந்துகொண்ட முடி, கோயிலில் கடிதம் கொடுத்தார்கள் என்றேன். சற்று நேரம் பேசவில்லை. “எங்களுக்கு யார் கடிதம் கொடுப்பார்கள்? என் பாட்டி எனக்குப் பின்னிவிட்டதை நான் இவனுக்குப் பின்னுகிறேன்” என்றார்.

கிரவுன் சட்டம் இருக்கிறதே என்று அவரும் பள்ளிக்கு எழுதிப் பார்த்தார். சட்டம் பின்னலைப் பற்றிப் பேசுகிறது, நீளத்தைப் பற்றிப் பேசவில்லை என்று பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை பையன் ஒட்ட வெட்டிய தலையோடு வந்தான். வரிசையில் நிற்கும்போதெல்லாம் அவன் கை பிடரிக்குப் போய், மணி இருந்த இடத்தைத் தடவிவிட்டுத் திரும்பி வந்தது. டிசம்பர் விடுமுறையில் நாங்கள் பழனிக்குப் போனோம். தாய்மாமன் மடியில் உட்கார்ந்து என் மகன் மொட்டை போட்டுக்கொண்டான். தலையில் சந்தனம் பூசினார்கள். ஜனவரியில் இருவரும் ஏறக்குறைய ஒரே மாதிரித் தலையோடு வகுப்பில் உட்கார்ந்தார்கள்.

அந்தப் பள்ளி தன் பதிலைத் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஹூஸ்டனுக்குக் கிழக்கே மான்ட் பெல்வியூ என்ற ஊரில், அவ்வட்டாரப் பள்ளிகளை நடத்தும் பார்பர்ஸ் ஹில் கல்வி மாவட்டம் இருக்கிறது. (முடிதிருத்துபவர் பெயர் தற்செயலாக வந்து உட்கார்ந்திருக்கிறது, நான் சேர்த்ததில்லை.) உங்கள் சட்டம் நடப்புக்கு வந்த அதே வாரத்தில், அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர் லாக்ஸுக்காக வகுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அவர் முடியை விரித்துப் போட்டுக்கொண்டு வரவில்லை. முறுக்கி, உச்சியில் சேர்த்துக் கட்டியிருந்தார். காலர், காது மடல், புருவம் எதையும் அது தொடவில்லை. அவிழ்த்துவிட்டால் தொடும் என்பதுதான் குற்றம். அந்தக் கல்வியாண்டின் பெரும்பகுதியை அவர் தன் வகுப்புக்கு வெளியே கழித்தார். இடையில், அமெரிக்கராக இருப்பதற்கு ஒத்துப்போவது அவசியம் என்று கல்வி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் ஹூஸ்டன் நாளிதழில் முழுப் பக்க விளம்பரமே கொடுத்தார். 2024 பிப்ரவரி 22 அன்று அனாவாக் நகரிலுள்ள மாநில நீதிமன்றத்தில் நீதிபதி சாப் கெய்ன், நீளத்தைக் கட்டுப்படுத்துவது கிரவுன் சட்டத்தை மீறியதாகாது என்று தீர்ப்பளித்தார். கூட்டாட்சி நீதிமன்றத்திலும் இனப் பாகுபாடு என்ற வாதம் அந்த ஆகஸ்டில் தள்ளுபடி ஆனது. பெண்களுக்கு இல்லாத கட்டுப்பாடு ஆண்களுக்கு மட்டும் ஏன் என்ற கேள்வி மட்டும் மிஞ்சியது. அடுத்த கல்வியாண்டு தொடங்கிச் சில வாரங்களில் மாணவர் வேறு மாவட்டப் பள்ளிக்குப் போய்விட்டார்.

நீதிபதியை நான் குறை சொல்லவில்லை. சட்டத்தில் இல்லாத சொல்லை அவர் படிக்க மாட்டேன் என்றார். எழுதாமல் விட்டது நீங்கள்.

நீளமில்லாத லாக்ஸ் எப்படி இருக்கும் என்று யாராவது எனக்கு விளக்கினால் நல்லது. சுருண்டு சுருண்டு வளரும் முடி ஒன்றோடொன்று பிணைந்து, கயிறாகத் திரண்டு இறுகுவதற்கே நீளம் வேண்டும். இறுகிய பிறகு அதைப் பிரித்துச் சீவ முடியாது, வெட்டத்தான் முடியும். முடி ஆண்டுக்கு ஏறக்குறைய ஆறு அங்குலம்தான் வளரும். நேர்முடிப் பையனை வெட்டிவிட்டு வா என்றால் அரை மணி நேரம் போகும். லாக்ஸ் வைத்தவனுக்கு அவன் வளர்த்த ஆண்டுகள் போகும். எல்லோருக்கும் ஒரே விதிதானே என்று கல்வி மாவட்டங்கள் கேட்கின்றன. விதி ஒன்றுதான். அது எடுத்துக்கொள்வது ஆளுக்கு ஆள் வேறு.

எங்கள் மொழியில் இதைச் சடை என்போம். பின்னியதும் சடைதான், தானாகத் திரண்டதும் சடைதான். எங்கள் சிவனுக்குச் செஞ்சடையான் என்றே பெயர். கங்கையை அதற்குள் அடக்கி, மேலே பிறையும் சூடி, உச்சியில் முடிந்து வைத்திருப்பார். அவரே மான்ட் பெல்வியூவில் படிக்க வந்திருந்தாலும், அவிழ்த்தால் காலரைத் தாண்டும் என்று தனி அறையில் உட்காரவைத்திருப்பார்கள். அர்ச்சகரிடம் கடிதம் வாங்கி வந்தால் விட்டிருப்பார்கள்.

கடிதம் என்று சொல்வது வேடிக்கைக்காக மட்டும் இல்லை. ஹூஸ்டனுக்குத் தென்மேற்கே நீட்வில் என்ற சிற்றூரில், லிப்பன் அப்பாச்சி பழங்குடியைச் சேர்ந்த ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் நீண்ட பின்னலோடு கிண்டர்கார்டன் வந்தான். பின்னலைச் சட்டைக்குள் செருகிக்கொள் அல்லது சுருட்டிக் கொண்டை போடு என்றது பள்ளி. வெளியே தெரியவிட்டதற்காகத் தனியே உட்காரவைத்தார்கள். பெற்றோர் வழக்குத் தொடுத்தார்கள். டெக்ஸஸின் சொந்த மதச் சுதந்திரச் சட்டத்தின் கீழ் 2010இல் ஐந்தாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் சிறுவன் பக்கம் தீர்ப்பளித்தது. என் அரைப் பக்கக் கடிதத்துக்கு நான்கு நாளில் மரியாதை கிடைத்தது, அந்தக் குடும்பம் விடாமல் போராடியதால் என்றே நினைக்கிறேன். ஆக, இந்த மாநிலத்தில் நீளமான முடி பாடத்தைக் கெடுக்காது, ஒழுக்கம் குலையாது, கடவுள் பெயரைச் சொன்னால் போதும். பாட்டி பெயரைச் சொன்னால் போதாது. இந்த இரண்டு தராசையும் ஒரே பள்ளி வாசலில் வைத்திருக்கிறீர்கள்.

இது புதிய தந்திரமும் இல்லை. 1981இல் தலையோடு ஒட்டிப் பின்னிய விமான நிறுவனப் பெண் ஊழியர் ஒருவர் வழக்குப் போட்டபோது, பந்துபோல விரிந்து நிற்கும் ஆஃப்ரோ என்றால் பிறவி, பின்னல் அவராகச் செய்துகொண்டது என்று நியூயார்க் நீதிமன்றம் சொன்னது. 2010இல் அலபாமாவின் மொபீல் நகரில் வேலை கிடைத்த பெண்ணிடம், லாக்ஸை வெட்டினால்தான் வேலை என்றார்கள். அவர் மறுத்தார், வேலை போயிற்று. முடியின் தன்மை பிறவியோடு வருவது, அலங்காரம் மாற்றிக்கொள்ளக் கூடியது, ஆகவே 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டம் காக்காது என்று 2016இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கைவிரித்தது. அலங்காரம் என்ற அந்த ஓட்டையை அடைக்கத்தான் கிரவுன் சட்டமே வந்தது. நீங்கள் தடுக்கில் பாய்ந்தீர்கள். கல்வி மாவட்டங்கள் கோலத்தில் பாய்ந்துவிட்டன. வாஷிங்டன் காப்பாற்றும் என்று காத்திருக்கவும் முடியாது. 2022 மார்ச்சில் பிரதிநிதிகள் அவை 235க்கு 189 என்று நிறைவேற்றிய, நாடு முழுவதுக்குமான கிரவுன் மசோதா, செனட்டைத் தாண்டவில்லை.

முடி அற்ப விஷயம் என்று உங்களில் சிலர் நினைக்கக் கூடும். முடியை நேராக்கும் ரசாயனங்களைப் பற்றி அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு 2022இல் வெளிவந்தது. 33,497 பெண்களை ஏறக்குறைய 11 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். அவற்றைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 1.64 விழுக்காடு, அடிக்கடி பயன்படுத்தியவர்களில் 4.05 விழுக்காடு என்று கணக்கிட்டார்கள். பயன்படுத்தியவர்களில் சுமார் 60 விழுக்காட்டினர் கறுப்பினப் பெண்கள். 'ஒழுங்கான தலை' என்று எழுதும் விதிப் புத்தகங்கள் அந்தப் புட்டிகளை விற்றுக்கொடுக்கின்றன.

இனி தமிழர்களிடம். பழனியிலும் திருப்பதியிலும் பக்தர்கள் கொடுக்கும் முடி ஏலத்துக்குப் போகிறது. நீள முடியைத் தரம் பிரித்து, கப்பலேற்றி, விக்காகவும் சவுரியாகவும் இங்கே விற்கிறார்கள். ஹூஸ்டன் கடை ஒன்றில் 'இந்தியன் ஹேர்' என்று எழுதிய பொட்டலங்கள் கொக்கியில் வரிசையாகத் தொங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். ஆசைப்பட்டு வாங்குவோர் உண்டு, அது அவரவர் விருப்பம். தன் முடியோடு நேர்முகத் தேர்வுக்குப் போனால் வேலை கிடைக்காது என்று வாங்குவோரும் உண்டு. அந்த மேசையின் மறுபக்கத்தில் இப்போது நாமும் உட்காருகிறோம். “நன்றாகத்தான் பேசினார், ஆனால் அந்தத் தலை” என்று ஒரு தமிழ் மேலாளர் சொல்லிச் சிரித்ததை என் காதால் கேட்டேன். நானும் அன்று வாயைத் திறக்கவில்லை. பரட்டைத் தலையோடு வெளியே போகாதே என்று எண்ணெய் தடவி, இரட்டைச் சடை பின்னி, ரிப்பன் கட்டி அனுப்பப்பட்டவர்கள் நாம்; படியாத முடியைப் படியாத பிள்ளையாகவே பார்க்கப் பழகியிருக்கிறோம். நம் பிள்ளைக்கு விதிவிலக்கு வாங்கிக்கொண்டு வரிசையிலிருந்து நகர்ந்துவிடுவது எளிது. நான் அதைத்தான் செய்தேன்.

உறுப்பினர்களே, நான் கேட்பது சின்னத் திருத்தம். பின்னல், லாக்ஸ், முறுக்கு என்று எழுதிய இடத்தில் 'எந்த நீளத்திலும்' என்று சேருங்கள். முடியை எப்படிக் கட்டியிருக்கிறார்களோ அப்படியே அளக்க வேண்டும், அவிழ்த்தால் எங்கே விழும் என்று அளக்கக் கூடாது என்று இன்னொரு வரி. சுத்தம், பேன், ஆய்வகத்தில் தீப்பற்றும் ஆபத்து இவற்றுக்கெல்லாம் பள்ளி தாராளமாக விதி வைக்கட்டும். முடிந்து கட்டச் சொல்லட்டும். வெட்டச் சொல்ல வேண்டாம். உங்கள் அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரியில் தொடங்குகிறது, 140 நாள் நடக்கும். மசோதாவைத் தாக்கல் செய்ய அதற்கு முந்தைய நவம்பரிலேயே வழி திறந்துவிடும்.

ஆங்கிலப் பிரதியோடு இரண்டு தாள்களை இணைத்திருக்கிறேன். ஒன்று, என் மகனுக்குப் பள்ளி கொடுத்த விதிவிலக்குக் கடிதம். இன்னொன்று, அந்தப் பையனின் அம்மாவுக்கு அதே பள்ளி அனுப்பிய பதில். அவர் அனுமதியோடுதான் இணைக்கிறேன். பெயர்களை மையால் மறைத்திருக்கிறேன். இரண்டுக்கும் இடையே ஒன்பது நாள் இடைவெளி. கீழே ஒரே கையெழுத்து.

இப்படிக்கு,
ஹூஸ்டன் புறநகரில் பிள்ளை வளர்க்கும் ஒரு தாய்